புகை கிளம்பிய இடம்

நேற்று மதியத்துச் செயற்கைக்கோள் படம் இன்று மாலை நாலு மணிக்குத்தான் திரையில் முழுசாக இறங்கியது. பார்த்ததும் சிவரஞ்சனி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

ஒண்டிக்கடை ஊரில், மளிகைக் கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறைதான் தீக்காவல் சங்கத்தின் அலுவலகம். செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, எங்கே தீ, புகை எந்தப் பக்கம் நகர்கிறது என்று எஸ்டேட்காரர்களுக்குச் சொல்வது அவள் வேலை. நாலு நாளாக மலையில் அங்கங்கே எரிகிறது. நாலு நாளாக அவளுக்கும் சரியான தூக்கமில்லை. நேற்று தலைச்சோலைப் பக்கமும் பற்றிக்கொண்டது.

இன்று காலைப் படத்தில், அங்கே பள்ளத்திலிருந்த பெரியண்ணனின் காப்பித் தோட்டத்தின் மேல் புகை கெட்டியாக நின்றிருந்தது. நெட் படுத்துவிட்டதால் முந்தின நாள் படம் கைக்கு வரவில்லை. காத்திருக்கத் தெம்பில்லாமல், தீ தொடங்கியது அவர் தோட்டத்தில்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். சங்கச் செயலாளர் டோமினிக் அதை வைத்துப் போலீசுக்குப் புகார் தயார் செய்து, பெரியண்ணனையும் வரவழைத்துப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்.

புகை கிளம்பும் இடத்தில் குறுகியிருக்கும், போகப் போக விரியும். இப்போது வந்த படத்தில் அந்தக் குறுகிய முனை தோட்டத்தில் இல்லை. வெகு மேலே, ரோட்டு வளைவில், டூரிஸ்டுகள் அடுப்பு மூட்டிச் சமைக்கிற பாறையருகே இருந்தது. இரவுக் குளிரில் அந்தப் புகை சரிவோடு இறங்கி, பள்ளத்தில் தேங்கியிருக்கிறது.

“சார், புகாரைக் குடுத்துறாதீங்க. நான் தப்பாச் சொல்லிட்டேனுங்க.”

“காலையில அடிச்சுச் சொன்னியேம்மா?”

“புகை நின்ன இடத்தைப் பாத்தேனுங்க. கெளம்புன இடத்தைப் பாக்கலீங்க.”

டோமினிக்கின் முகம் சுருங்கிவிட்டது. “அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. அடுத்த மாசம் உன் வேலையை நீட்டிக்கறதைப் பத்தி கமிட்டியில பேச இருந்தேன். இதைப் படிச்சா ஒருத்தரும் ஒத்துக்க மாட்டாங்க, பாத்துக்க.”

பயப்படக்கூட அவளிடம் தெம்பில்லை. எழுதிக் கையெழுத்திட்டாள். டோமினிக் புகாரை நாலாய்க் கிழித்தார்.

பெரியண்ணனின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. சட்டையெல்லாம் கரி.

“மன்னிச்சுக்கோங்க அய்யா. உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க.”

“அது எனக்குத் தெரியுமே சாமி,” என்றார் அவர். “நேத்துப் பூரா தழையை ஒடிச்சுத் தீயை அடிச்சுட்டுக் கெடந்தேன். அத்தன ஒசரத்துல இருந்து எல்லாத்தையும் பாக்குதாமே, என்னைய மட்டும் தெரியலையாக்கும்?”



முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்தார். “இங்க உக்காந்தே பொழுது போச்சு. தோட்டத்துக்கு மேல ரெண்டு மரம் இன்னும் பொகைஞ்சிட்டு இருக்குது. காத்து திரும்புனா ஊட்டுக்கே வந்துரும். ஆளுக இருந்தா அனுப்பு கண்ணு, நொம்பப் புண்ணியம்.”

தீயணைக்கப் போகிற சங்கத்து ஆட்களைக் கூப்பிடச் சிவரஞ்சனி போனை எடுத்தாள். முதல் மூன்று பேர் எடுக்கவில்லை. நாலாவதாகச் செபாஸ்டின் தூக்கக் கலக்கத்தில் கேட்டான்: “இப்ப எந்தப் பக்கம்ங்க?”

அவள் திரையைப் பார்க்கவில்லை. போனைப் பெரியண்ணனிடம் நீட்டினாள்.

“நீங்களே சொல்லுங்கய்யா.”