மூன்றாவது ஆளின் குரல்

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இரண்டு கிட்டார்கள் கேட்டன. ஒன்று ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டே போனது. இன்னொன்று அதன்மேல் ஏறுவதும் இறங்குவதுமாக மனம்போல அலைந்தது. ஒரு மனிதனுக்குப் பத்து விரல்தான் என்பதால் உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று ராஜமாணிக்கம் முடிவு கட்டிவிட்டார்.

அரசாங்க வீட்டில் இன்னொருவனைக் குடிவைப்பதா! தீவில் இருந்த இந்த டெலானிபூர்க் குடியிருப்பில் அது நிரூபணமானால் வீடு பறிபோகும். போனால் யாருக்கு வரும்? காத்திருப்போர் பட்டியலில் ஆறு வருடமாக ஊர்ந்து முதலிடத்துக்கு வந்திருந்த ராஜமாணிக்கத்துக்குத்தான். துறைமுக ஆபீஸில் கிளார்க்கு வேலை. குடியிருப்பு மட்டும் குவார்ட்டர்ஸ் மதிலை ஒட்டிய தகரக் கொட்டகை. வெளியே மழை விட்டாலும் உள்ளே ஒழுகும். மூன்று வயதுப் பெண்ணுக்கு நெஞ்சுச் சளி விட்டபாடில்லை.

"இந்த மழைக்கும் இதே தகரந்தான்னா, பிள்ளையத் தூக்கிட்டு மெயின்லேண்டு கப்பல் ஏறிருவேன்" என்று மனைவி மரகதம் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

பக்கத்து வீட்டு அழகேசன் வயர்லெஸ் ஆபரேட்டர், கல்யாணமாகாதவன். ராஜமாணிக்கம் நயமாகக் கேட்டுப் பார்த்தார்.

"விருந்தாளி யாரோ வந்திருக்காப்ல இருக்கே, தம்பி?"

"யாருமில்லண்ணே. நான் மட்டுந்தான்."

எவ்வளவு கூசாமல் பொய் சொல்கிறான்! அவன் வாசலில் ஒரு ஜோடிச் செருப்புதான் கிடந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் ஒருவன்தான் இருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். ராஜமாணிக்கமோ இன்னொரு ஜோடியை ஒளித்துவிட்டான் என்று நினைத்தார். கதவைச் சாத்தியே வைத்திருந்தான். ஈரம் கிட்டாருக்கு ஆகாது என்றான். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு அவன் ஜன்னல் திறந்திருந்தது. அன்றைக்குத் தாளக் கிட்டார் மட்டும் கேட்டது. அந்த ஜன்னலுக்குக் கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்த மரகதத்திடம் போய், இதற்கும் ஒரு விளக்கம் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் விஷயம் முற்றியது. சாத்திய கதவுக்குப் பின்னால் இரண்டு கிட்டார்களும் கேட்டன. நடுவில் அலைகிற கிட்டார் சட்டென்று நின்றது. கரகரத்த குரலில் எவனோ முணுமுணுத்தான். பிறகு கிட்டார் தொடர்ந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. சொற்கள் பிடிபடவில்லை, ஆனால் நல்லவன் குரலாக அது இல்லை. மூன்றாவது ஆள்! ராஜமாணிக்கம் அன்றே பெயர் போடாமல் ஒரு புகார் எழுதினார். 'மூவர் தங்கியுள்ளனர். அவர்களில் கரகரத்த குரலுடையவன் பெரும் அயோக்கியன் எனத் தெரிகிறது.'

பத்தாம் நாள், அரசாங்க வீடுகளைக் கவனிக்கிற எஸ்டேட் ஆபீஸிலிருந்து தத்தா பாபு வந்தார். வங்காளி, தமிழ் தெரியாது. சோதனைக்கு அக்கம்பக்கத்திலிருந்து ஒரு சாட்சி வேண்டுமென்றார். ராஜமாணிக்கம் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடினார். மரகதம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்து அந்த வீட்டு வாசலில் நின்றாள்.

உள்ளே ஒரு கட்டில், ஒரு கிட்டார். மேஜையில் இரண்டு நாடாச் சக்கரங்கள் வைத்த டேப் ரிக்கார்டர்.

அழகேசன் இந்தியில் விளக்கினான். தாளத்தை முதலில் தானே வாசித்துப் பதிந்துகொள்வானாம். பிறகு அதை ஓடவிட்டு, அதன்மேல் அந்தந்த நேரத்தில் தோன்றியதை வாசித்துப் பழகுவானாம். கூட வாசிக்க இந்த ஊரில் தனக்கு யார் இருக்கிறார்கள் என்று சொன்னபோது அவன் முகம் சிறுத்துப்போனது.

"பஜாவோ" என்றார் தத்தா பாபு. வாசித்துக் காட்டச் சொல்கிறார்.

சக்கரங்கள் சுழன்றன. தாளம் வந்தது. அழகேசன் அதன்மேல் வாசித்தான். திடீரென்று விரல்களை எடுத்துக்கொண்டான். டேப்பிலிருந்து கரகரத்த குரல் கிளம்பியது.

"இதோ சார்! இவன்தான் தீஸ்ரா ஆத்மி!" என்று மூன்றாவது ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தவர்போல ராஜமாணிக்கம் துள்ளினார்.

குரல் தெளிவாகப் பேசியது. "இன்னிக்கு ஒருத்தன்தான் வாசிக்கிறான் மரகதம். மத்தவன் தூங்குறான். பேசாம இரு, எல்லாரையும் கிளப்புறேன். அடுத்த மழைக்கு நாம உள்ள, அவன் வெளிய. எங்கயோ கெடந்து நனையட்டும்."

தத்தா பாபு டேப்பைப் பார்த்தார், ராஜமாணிக்கத்தைப் பார்த்தார். "யே தோ ஆப் ஹை!" இது நீங்கள்தானே என்று சிரித்தார். தமிழ் தெரியாதவருக்கும் குரல் தெரிந்துவிட்டது.

"நானா? என் குரல் இவ்வளவு கேவலமாவா இருக்கும்?" பிறந்தது முதல் தன் குரலை வெளியிலிருந்து கேட்டிராத மனுஷன் மனைவி பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மரகதம்!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தத்தா பாபு குரல் சொன்னது என்னவென்று கேட்டார். ராஜமாணிக்கம் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். கடைத்தெருவில் பழகிய இந்தியில் மரகதமே ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள், நனையட்டும் என்பது உட்பட.

"அழிச்சிட்டு வேற பதியலாம்னுதான் நெனச்சேன் அண்ணி" என்றான் அழகேசன். "கரண்டு கொறஞ்சா டேப் இழுத்துரும், சுருதி எறங்கிரும். அன்னிக்கு ஒருநாள்தான் ஓல்டேஜ் சரியா இருந்துச்சு. அதனால அண்ணன் பேசுற எடத்துல வாசிக்காம விட்டுப் பழகிட்டேன்."

இவனையா தெருவில் நிறுத்தப் பார்த்தோம் என்று ராஜமாணிக்கத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. தத்தா பாபு புகாரைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். போகிற போக்கில் ஒரு சேதியும் சொன்னார். இதே வரிசையில் ஒருவர் ரங்கத் என்ற ஊருக்கு மாற்றலாகிறார். அடுத்த மாதம் அந்த வீடு ராஜமாணிக்கத்துக்குத்தான். பட்டியல் பட்டியல்தானே.

கொட்டகைக்குத் திரும்பியதும் ராஜமாணிக்கம் மெல்லச் சிரிக்கப் பார்த்தார்.

"கேட்டியா? நமக்கு வீடு வந்துருச்சு."

மரகதம் பிள்ளையின் துணிகளை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வீடு வந்தா என்னங்க?" என்றாள். "அதுக்குள்ளயும் அந்தக் குரலோடதான நான் இருக்கணும்."