நூற்று எண்பத்திரண்டாவது நாள்

என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முத்திரை குத்திய பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு வெள்ளைச்சாமி சார் சிரித்தார்.

"குடுத்து வச்சவம்மா நீ. அக்டோபர் ஒண்ணு வந்து எறங்கியிருக்க. இன்னையோட நூத்தி எண்பது நாள். நாளைக்குப் பிளைட் ஏறிட்டேன்னா நூத்தி எண்பத்தொண்ணு. நூத்தி எண்பத்திரண்டு ஆனாத்தான் வம்பு."

அன்று மார்ச் இருபத்தொன்பது, இரண்டாயிரத்துப் பதினெட்டு. மறுநாள் மஸ்கட்டுக்கு என் டிக்கெட் தயாராக இருந்தது. இந்த நாள் கணக்கையெல்லாம் இணையத்தில் படித்துவிட்டு என் கணவர் சிலம்பரசன் போட்ட டிக்கெட் அது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் வருமான வரி என்றால் வெள்ளைச்சாமி சார்தான். ராஜபாளையம் பக்கத்துக்காரர், நிலக்கரிக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் பெர்மனென்ட். ஜூலை மாதம் அவர் குவார்ட்டர்ஸ் வாசலில் ஃபார்ம் சிக்ஸ்டீனை வைத்துக்கொண்டு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். காசு வாங்க மாட்டார். காடாம்புலியூர்ப் பலாப்பழம் என்றால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டார். இங்கே வரி என்பது கம்பெனியே சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கையில் அந்த ஃபார்ம் தாளைக் கொடுப்பது. பிடிப்பதற்குக் கம்பெனி இல்லாத ஒருத்தி, அதுவும் டவுன்ஷிப்புக்கு வெளியே வடலூர் ரோட்டோரத்து வீட்டிலிருந்து வருகிற ஒருத்தி, தானாக வந்து நிற்பாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

என் வேலை எளிமையானது. கனடாவில் ஒரு கம்பெனி கல்லூரிப் பாட வீடியோக்களை அனுப்பும். பேராசிரியர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் திரைக்குக் கீழே எழுத்து போட வேண்டும். ஏழு வருஷமாகச் செய்கிறேன். பாதி வருஷம் கணவரோடு மஸ்கட்டில், பாதி வருஷம் இடுப்பு ஆபரேஷன் ஆன அம்மா மாணிக்கம்மாளோடு இங்கே. எங்கே இருந்தாலும் அதே லேப்டாப், அதே ஹெட்போன், அதே முதுகு வலி.

சார் பொறுமையாக விளக்கினார். நாளைக்குக் கிளம்பிவிட்டால் நான் வெளிநாட்டுவாசி. மஸ்கட்டில் இருந்த மாதங்களின் சம்பாத்தியம் இந்தியாவுக்குக் கணக்கே இல்லை. இங்கே இருந்தபோது சம்பாதித்தது வரம்புக்குள் அடங்கிவிடும். ரிட்டர்ன் போடவே வேண்டாம். நாளை மறுநாள் வரைக்கும் இருந்தால் முழு வருஷத்துக்கும் வரி. ஒன்றரைப் பவுன் வாங்கும் பணம் போய்விடும்.

"முழுசுக்கும் போடணும் சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அங்கே சம்பாதித்தது வீட்டுக்காரர் அக்கவுண்டில்தானே விழுந்திருக்கிறது, அது அவர் வருமானமாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மஸ்கட் விசாவில், வேலை செய்ய அனுமதி இல்லை என்று அச்சடித்திருக்கிறது. இங்கே பேங்கில் ஃபாரம் நிரப்பிய பையன் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இல்லத்தரசி என்று எழுதினான். கணவர் கெட்டவர் இல்லை. ஆனால் நண்பர்களிடம், பொழுது போகாமல் ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் சொல்வார். அந்தத் தட்டலில்தான் அம்மாவின் ஆபரேஷன் நடந்தது. எந்த நாட்டிலும், எந்தத் தாளிலும் நான் வேலை செய்ததாக ஒரு வரி இல்லை.

"நான் வேலை செஞ்சேன்னு ஒரு எடத்துலயாவது எழுதியிருக்கணும் சார். அதுக்கு ஒன்றரைப் பவுன்னா ஒன்றரைப் பவுன்."

வெள்ளைச்சாமி சார் பாஸ்போர்ட்டை மூடி என் பக்கம் தள்ளினார். இருபத்தாறு வருஷத்தில் வரியைக் குறைக்கச் சொல்லித்தான் ஆள் வந்திருக்கிறது என்றார்.

அன்று சாயங்காலம் சிலம்பரசன் போனில் கத்தினார். வலியப் போய் யாராவது கட்டுவார்களா, டிக்கெட் பணம் வேறு போகும், ஊர் சிரிக்கும் என்றார். சிரிக்கட்டும் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அப்பா சாமிக்கண்ணு கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவர் கதை எங்கள் வீட்டில் யாரும் பேசாத கதை. மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. அவரைச் சேர்த்துவிட்ட கான்ட்ராக்டர், புதுப் பாஸ் போட நேரமில்லை என்று, வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்ட அய்யாசாமியின் கேட் பாஸைக் கொடுத்து உள்ளே அனுப்பினான். போட்டோ மங்கிப்போயிருந்ததால் யாரும் கேட்கவில்லை. பதினோரு வருஷம் அப்பா அய்யாசாமியாகவே ஷிப்டுக்குப் போனார். பழைய ஆட்களை பெர்மனென்ட் ஆக்குவதற்குப் பட்டியல் வந்தபோது அந்தப் பதினோரு வருஷமும் அய்யாசாமி பேரில் இருந்தது. அய்யாசாமியை வரச் சொல் என்றார்கள். அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தார். மறுநாளும் வேலைக்குப் போனார், இந்த முறை தன் பேரில், புது ஆளாக.

அவர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.

"நாளிக்கு எத்தினி மணிக்கு வண்டி?"

"போவலப்பா. ரெண்டு நாள் கழிச்சிப் போறேன்."

"மாப்ள போன் பண்ணாரு. இருந்தா துட்டு கட்டணுமாமே?"

"கட்டறேன்."

அவர் கை தட்டில் நின்றது.

"யாரு பேருல?"

"எம் பேருலப்பா."

இன்னொரு கரண்டி சோறு போடச் சொன்னார். ரத்த அழுத்தம் வந்ததிலிருந்து ராத்திரியில் இரண்டாம் முறை சோறு கேட்காத மனுஷன்.

மார்ச் முப்பதாம் தேதி என் பிளைட் நான் இல்லாமல் போனது. முப்பத்தொன்றாம் தேதி காலையிலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு கனடாப் பேராசிரியர் பாறைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மஸ்கட் நம்பரிலிருந்து வந்த அழைப்பில் போன் மேஜைமேல் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது. நான் எடுக்கவில்லை.

அப்பா முதல் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எழுந்ததுமே தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, கசக்கி எறிந்துவிட்டுத்தான் அவர் மற்ற வேலை பார்ப்பார். அன்று அதற்கு அடுத்த, முப்பத்தொன்றாம் தேதித் தாளையும், பொழுது சரியாக விடிவதற்குள்ளேயே, நிதானமாகக் கிழித்தார். தேதியை ஒருமுறை பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதில் இப்போதைய பாஸுக்குப் பின்னால் அய்யாசாமியின் பழைய பாஸ் இன்னும் இருந்தது. அதை உருவி ஜன்னல் கட்டையில் வைத்தார். காலண்டர் தாளை நான்காக மடித்து அந்த இடத்தில் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.