கொடுத்தது சிறுநீரகம் மட்டும்

டிரைவிங் ஸ்கூலில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பழக வந்தவர்கள் தடுமாறினால் அவள் கால் தானாக அதன்மேல் போய் விழும். அதனால் அவள் பிரேக் மேடம். வீட்டிலும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. அண்ணி அதைச் செல்லமாக்கி ‘பிரேக்கு’ என்பாள்.

அந்த அண்ணிக்குத்தான் பல வருஷங்களுக்கு முன்னால் அவள் தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்தாள். அண்ணனுடையது பொருந்தவில்லை. அண்ணியின் கூடப்பிறந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். “என்னுதைப் பாருங்க டாக்டர்” என்று நாத்தனார் வந்து நின்றபோது டாக்டரே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை இரண்டு பேரும் நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்கிறவர்கள், அவ்வளவுதான். ஒட்டுறவெல்லாம் ஆபரேஷனுக்குப் பிறகு வந்ததுதான்.

உடம்பு தேறியதும் அண்ணி தன் வேலைக்கே திரும்பினாள். நிலம் அளக்கிற வேலை. முக்காலியில் கருவியை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெட்டவெளியில் பொழுதெல்லாம் நிற்க வேண்டும். வெயிலில் தொப்பி போடச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் சொன்னார்கள். “தொப்பி இடிக்குது, கருவியில கண்ணு வைக்க முடியல” என்று அவளும் ஒவ்வொரு முறையும் சொன்னாள்.

இந்த வருஷம் அவள் இடது காது விளிம்பில் பொருக்குத் தட்டினாற்போல ஒரு புண் வந்தது. உதிர்ந்தது, லேசாக ரத்தம் கசிந்தது, மறுபடியும் வந்தது. மூக்குக் கண்ணாடி உரசியிருக்கும் என்று அவள் கண்டுகொள்ளவில்லை. வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் கண்ணில் அது பட்டுவிட்டது. கிள்ளினாற்போலக் கொஞ்சம் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்த அன்று அண்ணி போன் செய்தாள். வரப்பு ஒரு அடி தள்ளிப் போயிருக்கிறது என்று சொல்கிற அதே குரல்.

“பிரேக்கு, காதுல இருக்கிறது கேன்சராம். சின்னதுதானாம். வெட்டி எடுத்துட்டா போதுமாம்.”

கேன்சர் என்ற சொல்லுக்கு அப்புறம் பிரேக் மேடத்தின் காதில் எதுவும் ஏறவில்லை. அவளுடைய அப்பா குடலில் அதே நோய் வந்துதான் போய்ச் சேர்ந்தார். அப்பாவிடமிருந்து தனக்கு வந்திருக்கிறது, தன்னிடமிருந்து அண்ணிக்குப் போயிருக்கிறது. நல்லது செய்வதாக நினைத்து விஷத்தை அல்லவா தூக்கிக் கொடுத்துவிட்டோம் என்று அவளுக்குப் பட்டது. ஒருமுறை பட்டதுதான், அப்புறம் அது போகவே இல்லை.

யாரிடம் சொல்வது? அண்ணன் கேட்டால் இடிந்துபோவான். அண்ணியிடம் எந்த முகத்தோடு சொல்வது? மென்று விழுங்கிக்கொண்டு திரிந்தாள். குளிக்கும்போது விலாவோரம் இருந்த பழைய தழும்பை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். சாப்பாடு பாதியில் நின்றது. முன்பெல்லாம் நாளுக்கு இரண்டு தடவை அண்ணிக்குப் போன் செய்கிறவள், அண்ணி கூப்பிட்டாலும் இரண்டு வார்த்தையோடு வைத்தாள்.

ஒருநாள் அவளிடம் கார் பழகிய பேக்கரிக்காரர் திருப்பத்தில் வளைக்க மறந்து, நடைபாதையில் ஏறி, குப்பைத் தொட்டியைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றார். வேறு சேதம் இல்லை. மனிதர் வியர்த்துப்போய் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“மேடம், நீங்க பிரேக் போடுவீங்கன்னு நம்பித்தான் வந்தேன்.”

“தப்பு என்மேலதான் சார்” என்று இறங்கி, உருண்ட தொட்டியை நிமிர்த்தி வைத்தாள். இனிமேலும் இதை உள்ளே வைத்துக்கொண்டால் யாராவது ஒருவர்மேல் வண்டி ஏறிவிடும் என்று அப்போதுதான் உறைத்தது.

அதற்குள் அண்ணிக்குக் காதில் அந்த இடத்தை வெட்டித் தையல் போட்டிருந்தார்கள். வெட்டியதன் ஓரத்தில் நோய் மிச்சம் இருக்கிறதா என்ற ரிப்போர்ட் வருகிற அன்று, பிரேக் மேடமே காரை ஓட்டிக்கொண்டு கூடப் போனாள். டாக்டர், ஆரம்பத்திலிருந்தே இரண்டு பேரையும் பார்த்துவரும் அம்மாள், தாளைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு. முழுசா வந்துடுச்சு.”

அண்ணி பெருமூச்சு விட்டாள். பிரேக் மேடத்தின் வாயிலிருந்து அவளையும் மீறி வந்தது:

“டாக்டர், இது என் கிட்னியிலேர்ந்துதானே வந்துச்சு? எங்க அப்பாவுக்கும் கேன்சர்தான்.”

டாக்டர் தாளைக் கீழே வைத்தார்.

“இல்லம்மா. இது அவங்க தோல், அவங்களோட செல். கொடுக்கிறவங்க உறுப்போட சேர்ந்து கேன்சர் போறது ரொம்ப அபூர்வம். அதுக்காகத்தான் அன்னைக்கு உங்களை அத்தனை டெஸ்ட் பண்ணிப் படுத்தினோம். அப்படியே ஏதாவது போயிருந்தாலும் இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு, காது ஓரத்துல வந்து உக்காராது.”

“அப்போ எதனால வந்துச்சு?”

“கிட்னியை உடம்பு ஒதுக்கிடக் கூடாதுன்னு தினமும் மாத்திரை சாப்பிடுறாங்க இல்லையா, அது உடம்போட காவலைக் கொஞ்சம் அசர வைக்கும். வெயில்ல கெட்டுப்போற செல்லைப் பிடிக்க வேண்டியதும் அதே காவல்தான். அது அசந்தா ஒண்ணு ரெண்டு தப்பிக்கும். மாற்று உறுப்பு வச்சவங்களுக்குத் தோல் கேன்சர் அதிகமா வர்றது அதனாலதான். போதாக்குறைக்கு இவங்க வெயில்லயே நிக்கிறாங்க.”

“மாத்திரையை நிறுத்தினா கிட்னி போயிடுமே?”

“நிறுத்தப் போறதில்ல. ஒண்ணை மட்டும் தோலுக்கு அவ்வளவு கெடுதல் பண்ணாத வேற மாத்திரையா மாத்துவோம். அடிக்கடி ரத்தம் பார்த்துக்குவோம். உங்க கிட்னி நல்லா வேலை செய்யுது, கவலைப்படாதீங்க.”

பிரேக் மேடத்துக்கு நெஞ்சில் இருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதைத்தான் மனசுல போட்டுக் குழப்பிக்கிட்டிருந்தியா? நான் என்னடான்னா, நீ கொடுத்ததை நான் ஒழுங்கா வச்சுக்கலன்னு உனக்குக் கோவம்னு நெனச்சேன். போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்கிறாளேன்னு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா?”

“எனக்கென்ன கோவம்? பயம்தான் அண்ணி.”

“ரெண்டு பேரும் வெளியில போய்ச் சண்டை போடுங்க” என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் பிரேக் மேடம் கார் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகை நின்றபிறகு பார்த்தால் பசி வயிற்றைக் கிள்ளியது. அண்ணி தன் காதுக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்பாங்க. நான்தான் தலையில ஒண்ணும் வைக்கலையே, அதான் காதோட போச்சு.”

சிரித்து முடிக்க இரண்டு பேருக்கும் வெகுநேரம் ஆனது. ஆஸ்பத்திரி கேன்டீனில் பிரேக் மேடம் தன் தட்டைக் காலி செய்துவிட்டு அண்ணி தட்டிலும் கை வைத்தாள். பிறகு அண்ணி வீட்டு சோபாவில் சாய்ந்தவள் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. டிரைவிங் ஸ்கூலுக்கு அண்ணன்தான் போன் செய்து லீவு சொன்னான்.

புது மாத்திரையில் முதலில் அண்ணிக்கு வாய்ப்புண் வந்து படுத்தியது. அளவைக் குறைத்ததும் அடங்கியது. சிறுநீரகம் எப்போதும்போல வேலை செய்வதாகவே ரத்தச் சோதனைகள் சொல்லின. அகல விளிம்புத் தொப்பியை வாங்கி, கருவியில் கண் வைக்கும்போது மட்டும் பின்னால் தள்ளிக்கொள்ள அண்ணி பழகினாள். மீதி வேலையை வெயில் ஏறுமுன் முடித்துக்கொண்டாள். தோலைப் பார்க்க அவ்வப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இனி ஆயுசுக்கும் அப்படித்தான். அடுத்த முறை போனபோது முன்கையில் சந்தேகமாக இருந்த ஒரு சின்னப் பொருக்கைக் குளிர்மருந்து அடித்து உறையவைத்து உதிர்த்தார்கள். அதற்காக யாரும் தூக்கத்தைத் தொலைக்கவில்லை. அன்று முறைக்காகக் காத்திருந்தபோது, பழக வந்தவர்கள் சாய்த்த கம்பங்களையும் சுவர்களையும் பற்றி பிரேக் மேடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் இரண்டாவது தடவை கூப்பிட வேண்டியிருந்தது.