பின் வாங்கும் ஒரு சவரக் கிண்ணமும்

நாற்பத்தொரு வருடமாக நான் முகம் மழித்த பித்தளைக் கிண்ணம், போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போய், நூற்றுப்பதினேழு பேருக்கு முன்னால் வாய் திறந்து சாட்சி சொன்னது. நம்பாதவர்கள் அழகரத்தினத்தைக் கேளுங்கள். அவனும் முதலில் நம்பவில்லை.

அழகரத்தினம் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். நான் ஓய்வுபெற்ற தபாலதிபர். எங்கள் மிஷன் சபையின் நூற்றைம்பதாவது ஆண்டு வரலாற்று நூலுக்கு அவன்தான் செயலாளர். என்னைக் குழுவில் சேர்த்ததே, அவனை மோட்டார் சைக்கிளில் காத்தான்குடி அச்சகத்துக்கு ஏற்றி இறக்கத்தான். நான் சொல்லும் எதையும் அவன் எழுத மாட்டான். சூறாவளியன்று விழப் போன கோயில் மணியை ஒற்றைக் கையால் தாங்கிப் பிடித்தேன் என்றபோது, "ஆதாரம்?" என்றான். கையைக் காட்டினேன். அதையும் எழுதவில்லை.

நான் சொன்னதில் ஒன்றை மட்டும் போட்டிருந்தான்: 'திரு. தானியேல் நல்லதம்பி அவர்கள் சபைக்கு நற்கருணைக் கிண்ணம் அன்பளித்தார்.' என் அப்பப்பா. பழைய கூட்டக் குறிப்பிலேயே அது இருந்தது. வெள்ளிக் கிண்ணம் என்று கலியாண வீடு, சாவு வீடு பாராமல் நான் சொல்லித் திரிந்த பெருமை அது.

அச்சகத்தில் றமீஸ் கணினித் திரையில் பதினாலாம் பக்கத்தைக் காட்டினான்.

"சேர், இந்தப் பின்வாங்கை ஒண்டாச் சேர்க்கவா, நடுவுல இடம் விடவா? கையெழுத்துல விளங்குதில்ல."

1911ஆம் ஆண்டுக் குறிப்பு அது, அப்பப்பாவின் அன்பளிப்புக்கு நேர் கீழே: 'பின்வாங்கு குடும்பம் 22. வேறு ஏற்பாடு செய்யப்பட்டது.'

"சேருங்க தம்பி," என்றான் அழகரத்தினம். "விசுவாசத்தில இருந்து பின்வாங்கின ஆக்கள். விளக்கி ஒரு வரி நான் எழுதித் தாறன்."

எழுதிக் கொடுத்தான். அந்த வரிக்குக் கீழே இருபத்திரண்டு குடும்பத் தலைவர்களின் பெயர்கள். போர்த்துக்கேய வழிவந்து இரும்படித்த பறங்கியர் இரண்டு பேர், காட்டோரத்திலிருந்து வந்த வேடக்குடி ஒன்று. நாலாவதாக, சாவு வீடுகளில் மேளம் அடித்த யாக்கோபு.

யாக்கோபின் பேரப்பிள்ளை உதயரூபன் தச்சன். கோயிலில் சபை உட்காரும் வாங்குகளுக்குக் கால் மாற்றிப் பலகை போட்டவன் அவன்தான். அச்சுப் பிரதியைப் பார்த்த அன்றே என் முற்றத்துக்கு வந்தான். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"அண்ணன், எங்கட ஆக்கள் ஒருநாளும் விட்டுப் போகல்ல. கடைசி வாங்கில இருத்தினீங்க. அதான் பின் வாங்கு. உங்கட ஆக்கள் வாய் வெச்ச கிண்ணத்தில எங்களுக்குத் தரல்ல. தனியா ஒரு பித்தளைக் கிண்ணம். மாறிப் போகாம இருக்க அடியில எழுத்து வெட்டி இருந்ததாம். அப்பா சாகக்குள்ள சொன்னவர்."

"அழகரத்தினத்திட்டச் சொன்னியா?"

"சொன்னன். ஆதாரம் கேக்கிறார். திங்கக்கிழமை அச்சாம். என்ட மகள் ஞாயிறு பள்ளியில படிப்பிக்கிறாள். இனி இந்தப் புத்தகத்தை வெச்சுத்தான் படிப்பிக்கணுமாம். தன்ட பூட்டன் கர்த்தரை விட்டு ஓடினவர் எண்டு அவள் வாயால சொல்லணுமா? இது இப்படியே வந்தா, அண்ணன், நாங்க மெய்யாவே பின்வாங்கிருவம்."

அவன் போனதும் கிணற்றடிக்குப் போனேன். அப்பப்பாவின் பழைய பெட்டியிலிருந்து நான் எடுத்துக்கொண்ட சவரக் கிண்ணத்தின் அடி சொரசொரப்பானது என்று என் விரலுக்குத் தெரியும். சவர்க்காரம் காய்ந்த அழுக்கு என்று நினைத்திருந்தேன். புளி போட்டுத் தேய்த்தேன். முதலில் 'பின்' வந்தது. கொஞ்சம் இடைவெளி. பிறகு 'வாங்கு'. அதன் கீழே: 'தா. நல்லதம்பி அன்பளிப்பு, 1911.'

அப்பப்பா கொடுத்தது வெள்ளி இல்லை. யாக்கோபின் வாய் பட்டதில் தன் வாய் படக்கூடாது என்பதற்காகக் கொடுத்த கிண்ணம் இது.

இரண்டு நாள் முகம் மழிக்கவில்லை. சனிக்கிழமை கிண்ணத்தைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வாவிக்கரைக்குப் போனேன். எறிந்துவிட்டால் அப்பப்பாவின் பேரும் மிஞ்சும், என் பேரும் மிஞ்சும். கையை ஓங்கினேன். இடுப்பளவு தண்ணீரில் வலை வீசிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"தபால் ஐயா, என்னத்தை எறியப் போறீங்க?"

அந்தக் கரையில் நான் சொல்லாத புளுகு இல்லை. வாவி முதலைக்குத் தந்தி கொடுத்து, பதிலும் வாங்கியவன் நான். அன்றைக்கு மட்டும் ஒரு பொய்யும் வரவில்லை. கையை இறக்கி, கிண்ணத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக் கூட்டம். நான் எழும்பியதுமே சிரிக்கத் தயாராகிவிட்டார்கள். கிண்ணத்தை மேசையில் கவிழ்த்து வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

அழகரத்தினம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தான். "நல்லரத்தினம், பித்தளையில எழுத்து வெட்ட எவ்வளவு நேரம் எடுக்கும்? உதயரூபனுக்கு இரங்கி ஒண்டைச் செய்விச்சுக் கொண்டு வந்திரிக்காய். முதலை எப்படி, சுகமா?"

கோயிலே சிரித்தது. வெளியே போக எழும்பியிருந்த உதயரூபன் மட்டும் நேரே மேசைக்கு வந்தான். கிண்ணத்தை எடுத்து, எழுத்தை விரலால் தடவி, மூக்கருகே கொண்டுபோனான்.

"சவர்க்காரம் மணக்குது, அண்ணன்," என்றான்.

சிரிப்பு நின்றது. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"ஓம்," என்றேன். "நாப்பத்தொரு வருசம். அழகரத்தினம், பதினாலாம் பக்கத்தில என்ட அப்பப்பாட பேர் இரிக்கி. அது என்ன கிண்ணம் எண்டும் எழுது. ஆருக்குக் குடுத்தது, ஏன் குடுத்தது எண்டும் எழுது."

அவன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினான். "உன்ட புளுகு கேட்டே நான் கிழவனானன்," என்றான் மெதுவாக. "உன்ட குடும்பத்தை இறக்கி நீ ஒரு புளுகும் சொன்னதில்ல."

கக்கத்திலிருந்த பழைய குறிப்புப் புத்தகத்தை விரித்து, வெளிச்சத்தில் சரித்து, 'பின்'னுக்கும் 'வாங்கு'க்கும் நடுவே நகத்தை வைத்துப் பார்த்தான். பிறகு அந்த இடத்திலேயே தொலைபேசியை எடுத்தான்.

"தம்பி றமீஸ், பதினாலாம் பக்கம். நடுவுல இடம் விடுங்க. ஓம், வாங்கு வேற, பின் வேற. என்ட வரியை வெட்டுங்க, புதுசா ஒண்டு வரும்... என்ன, ஆதாரமா?"

உதயரூபனின் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தான்.

"கிண்ணம் சொன்னது தம்பி. ஓம், கிண்ணந்தான். நான் இஞ்சதான் நிண்டன். கேட்டன்."