சத்யராஜ் வீட்டுப் புல்தரையில் கோரை

குத்துக்காலிட்டு ஒரு மணி நேரம் ஆனாலே கங்கையம்மாளுக்கு இடது முட்டி கடுக்கும். அன்று பொறுக்க முடியாமல் கடுத்தது. எழவில்லை. மடியில் கோரைக்கிழங்கு இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

ஏனாத்தூர்ப் பக்கம் பட்டு வியாபாரி சத்யராஜ் கட்டிய வீட்டின் முன்னால் அரை கிரவுண்டு புல்தரை. பெண்களுக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டு விளம்பரப் படம் எடுப்பது அங்கேதான். வாரம் இரண்டு நாள் கங்கையம்மாளும் அம்சவேணியும் வந்து களை பிடுங்குவார்கள். புளியாரை, மூக்கிரட்டை, அம்மான் பச்சரிசி எல்லாம் கங்கையம்மாளின் ஆட்டுக்கு. "அள்ளிக்கினு போமா, குப்பை வண்டிக்கு வேலை மிச்சம்" என்று சொன்னதே சத்யராஜ்தான்.

ஆடி மாதம் ஒருநாள் மூக்கிரட்டை இலைகள் முறுக்கிக்கொண்டு கிடந்தன. வெயில் என்று நினைத்து, கூடை நிறைய அள்ளிப்போய்ச் சினையாட்டுக்குப் போட்டாள். விடிந்தபோது ஆடு செத்துக் கிடந்தது. வயிற்றில் இரண்டு குட்டி. அவள் அள்ளியதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஆள் வைத்துக் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். காலி டப்பாவைக் குப்பையில் அம்சவேணிதான் பார்த்தாள்.

"மருந்து அடிச்சா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா மொதலாளி?"

"ரோட்டுல போஸ்டர் தின்னு செத்திருக்கும். அதுக்கு நான் இன்னாமா பண்றது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். போன் வந்தது, உள்ளே போய்விட்டார்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் வேலையை விடவில்லை. அந்த மருந்து அகல இலையைக் கொல்லும், புல்லை விட்டுவிடும். கோரைக்குத் தழை கருகினாலும் மண்ணுக்குள் கிழங்கு சாகாது. வயலில் இடுப்பொடிந்தவளுக்கு அது தெரியும். களை பிடுங்கிய ஒவ்வொரு குழியிலும், வயலில் தோண்டி மடியில் கட்டிவந்த கிழங்கில் ஒன்றை வைத்து மூடினாள்.

"இன்னாக்கா, பிடுங்க வந்தியா, நட வந்தியா?" என்றாள் அம்சவேணி.

"ரெண்டுக்கும்தான். நீ வாசலப் பாத்துக்கினு இரு."

புரட்டாசி மழையில் புல்தரை முழுக்கக் கோரை ஊசி ஊசியாய்க் கிளம்பியது. இரண்டு தடவை மருந்து அடித்தும் மறுபடி துளிர்த்தது. இந்தப் புதரில் படம் எடுக்க முடியாது என்று கேமராக்காரர் தீபாவளிப் புடவைகளோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

"கங்கையம்மா, நீதாம்மா எப்டியாவது இத ஒழிக்கணும்" என்றார் சத்யராஜ்.

"ஒழியாது. முழ ஆழம் வெட்டித் தூக்கணும். உன் புல்லும் போயிடும்."

'உன்' என்றதில் அவர் நிமிர்ந்து பார்த்தார். "எங்கேர்ந்து வந்துச்சு இது?"

"நான்தான் நட்டேன்."

அவருக்கு முகம் சிவந்தது. "போலீசக் கூப்புடுவேன்."

"கூப்புடு. ஏன் நட்டேன்னு கேப்பாங்க இல்ல, சொல்றேன்."

அவர் போனைக் கையில் எடுத்தார். கூப்பிடவில்லை. கங்கையம்மாள் கைமண்ணைத் தட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். தரை பாழானதோடு கணக்குத் தீர்ந்துவிட்டது என்று சத்யராஜ் நினைத்துக்கொள்ளலாம். தீரவில்லை. அவர் அவளுக்கு ஒரு சினையாடு தரவேண்டும்.