ஒரு கோடி ரூபாய்ப் பள்ளிப்பை

எங்கள் பழைய வெப்சைட்டில் ஒரு பள்ளிப்பையின் படம் திறப்பதற்குள், அதைப் பார்க்க உட்கார்ந்த பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடும். சீத்தா கேம்பில் ஒரு பையன் இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது படத்தைத் தட்டினான். படம் முழுசாக வந்தபோது அவனுக்கு மீசை இருந்தது. நான் மிகைப்படுத்துவதில்லை. சின்ன மீசைதான்.

தாராவியில் எங்கள் பட்டறையை நடத்துகிறவள் என் மருமகள் நூர் நிஷா. வெப்சைட் என் பொறுப்பு. நான் தையல் மெஷின் பக்கம் போகக் கூடாது என்பதற்காக அவள் கொடுத்த வேலை அது. செம்பூரில் ஒரு பள்ளிக்கூடம் நானூறு பைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. அங்கே ஆபீஸைப் பார்க்கிற ஸ்ரீலேகா அம்மாள், வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எங்கள் வெப்சைட்டைப் பார்த்து முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் ஆர்டர் வடாலாக்காரர் ஒருவருக்குப் போய்விடும். மழைக்காலம் முழுக்க எங்கள் நான்கு மெஷினும் சும்மா நிற்கும்.

அதனால் வெப்சைட் செய்கிற புதிய புரோகிராமுக்கு மாறினேன். ஒன்றும் தெரியாதவர்களுக்கென்றே செய்தது என்று போட்டிருந்தார்கள். என்னை எங்கே பார்த்தார்கள் என்று தெரியவில்லை. படத்தை விரலால் இழுத்து விட்டால், விட்ட இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. மாதிரிக்காக அவர்களே வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைத்தான் வெளியேற்றத் தெரியவில்லை. கீழே ‘எங்கள் முதலாளி’ என்று எழுதிவிட்டேன். நூர் நிஷா அரை நாள் என்னோடு பேசவில்லை.

வியாழன் காலை பத்து மணிக்குப் பழையதை மூடிப் புதியதைத் திறந்தேன். திறந்த கையோடு ஞாபகம் வந்தது. போணி!

எங்கள் சந்தில் யார் கடை திறந்தாலும் முதல் வியாபாரம் ஆறுமுகத்தாய் கையால்தான். சயான் ஸ்டேஷன் வாசலில் நாற்பது வருஷமாக இட்லி விற்கிறவள். அவள் ஒற்றைப் பொத்தான் வாங்கிய டெய்லருக்கு இன்றைக்கு மூன்று கடை. ஏப்ரல் மாதம் ஒரு குடைக்காரனிடம் போணி செய்தாள். சாயங்காலம் முழங்கால் அளவு தண்ணீர். இந்தக் கடையோ உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. கைராசி இல்லாத எவனாவது நாசிக்கிலிருந்து தட்டிவிட்டால் என்ன செய்வது?

‘சரக்கு இல்லை’ என்று போட வழி தெரியவில்லை. விலையை மாற்ற மட்டும் தெரியும். ஒரு பை ஒரு கோடி என்று போட்டேன்.

“மாமா, என்ன செய்தீய?” என்றாள் நூர் நிஷா.

“கதவச் சாத்தினேன்.”

“பன்னெண்டு மணிக்கு அந்தம்மா பாக்கும்லா!”

“அதுக்குள்ள ஆறுமுகத்தா வந்துருவா.”

“பழசையாவது தொறங்க.”

“அது போயிட்டும்மா.”

அவள் கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தாள். வைத்த சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. சந்து முனைக்கு நடந்தேன். திரும்பி வந்தேன். அரை கிளாஸ் கட்டிங் டீ குடித்தேன். பாதியில் வைத்துவிட்டு மறுபடி நடந்தேன். பதினோரு தடவை போய்வந்ததில் சந்தே சிறிது அகலமாகிவிட்டது.

பதினொன்று நாற்பதுக்குக் காலிப் பாத்திரங்களோடு ஆறுமுகத்தாய் வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“பாய், எனக்கு எதுக்கு ஸ்கூல் பேக்கு?”

“பேரனுக்கு ஆகும். காசு வேண்டாம். ஒரு அமுக்கு அமுக்கு, போதும்.”

“ஓசியில வாங்குனா அது போணியா? காசு குடுத்துதான் வாங்குவேன்.”

போனை நீட்டினேன். முதலில் விரல் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் விலையை இறக்கலாம் என்று திட்டம். அமுக்கினாள். போன் அசையவில்லை. நாற்பது வருஷ ஆவியில் விரல் நுனி தோலாக இல்லை, செருப்படியாக இருந்தது. துடைத்து அமுக்கினாள். எச்சில் தொட்டு அமுக்கினாள். முழங்கையால் இடித்தாள்.

“என்ன பாய், உங்க கட ஆள் பாத்துத்தான் தொறக்குமோ?”

அந்த நேரம் பார்த்துப் போன் அலறியது. ஸ்ரீலேகா அம்மாள். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த குரல்.

“என்ன சார் இது? ஒரு பை ஒரு கோடின்னு போட்டிருக்கேள்? நான் வடாலாவுக்கே சொல்லிடறேன்.”

நூர் நிஷா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள். ஒளிக்காமல் உள்ளதைச் சொன்னாள்: போணி, ஆறுமுகத்தாய், விரல், மாமா. ‘மாமா’ என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்தினாள்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். “இவ்ளோதானா? விலைய சரி பண்ணுங்கோ. நானே மொதல்ல ஒண்ணு வாங்கறேன்.”

நூர் நிஷா என்னைப் பார்த்தாள். நானூறு பை கையெட்டும் தூரத்தில் நிற்கிறது. ஆனால் அந்த அம்மாள் கை எப்படிப்பட்ட கை? கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அம்மா, இதுக்கு முன்னால எங்கயாவது போணி பண்ணிருக்கீங்களா?”

“ஒரு ஜெராக்ஸ் கடையில பண்ணேன்.”

“கடை எப்படி ஓடுது?”

“மூடிட்டா.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். நூர் நிஷா தலையில் கை வைத்தாள். ஆறுமுகத்தாய்தான் போனுக்குக் குனிந்தாள்.

“தாயி, அந்தக் கடையில பேரம் பேசுனியா?”

“பின்ன? பேசாம வாங்குவாளா?”

“அதான் விசயம். நான் போணிக்குப் பேரமே பேசமாட்டேன். சொன்ன வெலையக் குடுத்துட்டுப் போயிருவேன். கடைக்காரன் மனசு குளுந்து அன்னிக்குப் பூரா சிரிச்ச முகமா யாவாரம் பாப்பான். கையில ஒரு ராசியும் கெடையாது. நீ பேசாம வாங்கு, எல்லாம் வெளங்கும்.”

இத்தனை வருஷம் எங்களிடம் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். “யாரு கேட்டிய?” என்றாள்.

நான் போனை வாங்கி விலையை இறக்கினேன். ஒரு கோடியிலிருந்து ஐந்நூறுக்கு.

“நேத்து நானூத்தம்பதுன்னுதானே இருந்தது?” என்றார் ஸ்ரீலேகா அம்மாள்.

“அம்மா... பேரம்...” என்று இழுத்தேன்.

பட்டறையில் நான்கு மெஷினும் நின்றிருந்தன. தையல்காரர்கள் என் கையிலிருந்த போனையே பார்த்தார்கள். நூர் நிஷா ரெக்சின் துண்டு ஒன்றைச் சுருட்டினாள், பிரித்தாள், சுருட்டினாள். அந்த அம்மாள் பெருமூச்சு விடுவது மட்டும் கேட்டது.

டிங்.

ஒரு பை. ஐந்நூறு ரூபாய். பேச்சில்லாமல்.

“போணி ஆயிடுத்தோல்லியோ?” என்றார் ஸ்ரீலேகா அம்மாள். “இனிமே நான் பேசலாமா?”

“பேசுங்க அம்மா.”

பேசினார். முக்கால் மணி நேரம் பேசினார். மீதி முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பைக்கும் தலைக்கு நானூற்றுப் பத்து என்று முடித்தபோது, தண்ணீர் பாட்டிலுக்குத் தனி அறை, பெயர் எழுதப் பட்டை, இரட்டைத் தையல் எல்லாம் அதற்குள் சேர்ந்திருந்தன. முதல் பைக்குக் கொடுத்த தொண்ணூறு ரூபாய் வித்தியாசத்தையும் மறக்காமல் கழித்துக்கொண்டார்.

“இந்தப் பொம்பளகிட்ட நான் இட்லி விக்க மாட்டேன்,” என்று ஆறுமுகத்தாய் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நூர் நிஷா மெஷினில் உட்கார்ந்து, பாட்டில் அறைக்கு எத்தனை அங்குலம் வெட்டலாம் என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடத் தொடங்கியிருந்தாள். நான் விலைப் பக்கத்தை மெதுவாகத் திறந்தேன்.

“மாமா,” என்றாள், தலை நிமிராமல். “போனக் கீழ வைங்க.”