ஒரு அண்டா, ஒரு கை

எனக்கு வாய் நீளம்தான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு விஷயத்துல மட்டும் இந்த வாய்க்குப் பூட்டு. என்கிட்ட யார் என்ன வாங்கினாங்கன்னு தலையே போனாலும் சொல்ல மாட்டேன். வேரும் மூலிகையும் வெச்சு மந்திரிச்சுக் குடுக்கற வேர் வேலை செய்யறவ, வாங்கினவங்க பேரை வெளியே விட்டா அவ கைராசி போயிடும். அந்த ஒரு பூட்டாலதான் போன ஆகஸ்ட்ல, சபை நடுவுல, திருடி மாதிரி நின்னேன்.

என் பேர் வெர்னெல். நாச்செஸ்ங்கற ஊர்ல, மூன்றாம் ஆற்றங்கரை பாப்டிஸ்ட் சபையில பத்தொன்பது வருஷமா கொயர்ல, அதான் பாட்டுக் குழுவுல, பாடறேன். முதலாவது எங்கே, ரெண்டாவது எங்கேன்னு கேக்காதீங்க. சண்டை போட்டுப் பிரிஞ்சு பிரிஞ்சு மூணாவதுல வந்து நிக்கறோம். ஞாயித்துக்கிழமை பாட்டு, மத்த ஆறு நாளும் பின்கட்டுல எண்ணெய், சோப்பு, மெழுகுவர்த்தி. வேலை கிடைக்கணுமா, பச்சை மெழுகுவர்த்தில எண்ணெயை நம்ம பக்கமா இழுத்துத் தடவணும். ஏதாவது தொலையணுமா, வெளிப்பக்கமாத் தள்ளித் தடவணும். சோப்பும் அதே கணக்குதான். காலிலேர்ந்து மேலே தேய்ச்சா வரவு, தலையிலேர்ந்து கீழே தேய்ச்சா விரட்டு. இதெல்லாம் செய்யும்போது வாயில பைபிள் சங்கீத வசனம் ஓடிக்கிட்டே இருக்கும். பைபிள் இல்லாம என் அம்மாவும் ஒரு வேரைத் தொட்டதில்லை, நானும் தொட்டதில்லை.

இது புரியாம வந்து சேர்ந்தார் ஒருத்தர், சபை நிர்வாகம் பாக்கற டீக்கன் டாலிவர். ஜாக்ஸன்லேர்ந்து மாத்தலாகி வந்து ஆறு மாசம்கூட ஆகலை, "சூனியக்காரி தேவாலயத்துல பாடலாமா?"ன்னு ஆரம்பிச்சுட்டார். பாஸ்டர் பாவம், ரெண்டு பக்கமும் தலையாட்டற மனுஷன். "ஊரை விட்டுப் போனவங்க எல்லாம் திரும்பி வர்ற ஆகஸ்ட் பெருநாள்ல, பாட்டுக்கு முன்னாடி சபையே தீர்மானிக்கட்டும்"னு தள்ளிவிட்டார். அந்தப் பெருநாளோட முதல் பாட்டு வருஷா வருஷம் என்னோடது. புருஷன் செத்தப்பவும் நான் பாடாம இருந்ததில்லை. அதைப் பிடுங்கிட்டா எனக்கு மிஞ்சறது ஒரு அண்டாவும் நாலு பூனையும்தான். ராத்திரியெல்லாம் அழுதேன், மறைக்க என்ன இருக்கு?

இதுல இன்னொரு கொடுமை, சபையோட மினிட் புக் எழுதறவ என் கூடப்பிறந்த அக்கா ஜெனீவா. என்னை வெளியே தள்ற தீர்மானத்தை அவ கையாலயே எழுதப்போறா. எங்களுக்குள்ள மூணு வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது.

எல்லாம் ஒரு துடுப்பால வந்தது. மூணு வருஷம் முன்னாடி, அக்கா என் வீட்டுக்கு வந்திருந்த ஒரு நாள், கொல்லைல அடுப்பு மூட்டி, அம்மாவோட இரும்பு அண்டாவுல பன்றிக் கொழுப்பு உருக்கி, மழைத்தண்ணில காஸ்டிக் சோடா கரைச்சு ஊத்திக் கிளறிட்டிருந்தேன். ஒரு அண்டா சோப்புக்கு ஒரு கைதான். ஆரம்பிச்ச கைதான் முடிக்கணும், வலப்பக்கமாத்தான் சுத்தணும். ரெண்டாவது கை பட்டா சோப்பு உறையாது. எங்க தெருவுல பச்சைப் புள்ளைக்கும் தெரிஞ்ச விஷயம். போன் அடிக்குதேன்னு உள்ளே போயிட்டு வர்றேன், அக்கா துடுப்பைப் பிடிச்சுக்கிட்டு இடப்பக்கமா சுத்திக்கிட்டிருக்கா!

"அடி பிடிக்குதேன்னு கிண்டினேன்டி"ங்கறா.

சோப்பு உறையலை. கூழ் மாதிரி நின்னுச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "உன் கை பட்டு எதுதான் உருப்பட்டிருக்கு?"ன்னு கேட்டுட்டேன். அவளோட ரெண்டாவது கல்யாணம் அப்பத்தான் முறிஞ்சிருந்தது. அது எனக்கு உறைச்சப்ப அவ கேட்டைத் தாண்டிப் போயிட்டா. போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேக்கலை, திமிர்.

பெருநாளுக்கு நாலு மாசம் முன்னாடி, ஏப்ரல்ல, பக்கத்து வீட்டு டெல்ஃபின் வந்தா. "வெர்னெல், எனக்குத் தெரிஞ்ச ஒருத்திக்கு ஒரு சோப்பு வேணும். கூடப்பிறந்தவளோட சண்டையாம், சேர்ந்துக்கணுமாம்."

"யாருன்னு நான் கேக்க மாட்டேன்."

"நான் சொல்லவும் மாட்டேன்"னு சிரிச்சா.

அந்த வருஷம் என் கொல்லைல எலுமிச்சைப்புல் காடு மாதிரி மண்டிக் கிடந்தது. வேலை, அதிர்ஷ்டம், வீட்டு நிம்மதின்னு யார் என்ன கேட்டாலும், மத்த வேர் என்னவா இருந்தாலும், வாசனைக்கு எலுமிச்சைப்புல்லைத்தான் அள்ளி அள்ளிப் போட்டேன். இந்த ஒரு சோப்பு மட்டும் தனி. சின்னச் சட்டியில, ரோஜா இதழும் பிசின் மணக்கற கீலேயாத் மொட்டும் போட்டு, ஒரே ஒரு கட்டி. யாரோ ஒருத்திக்காகக் கிளறும்போது எனக்கு எங்கக்கா ஞாபகம் வந்து கண்ணீர் சட்டியிலயே விழுந்துச்சு. விழட்டும்னு விட்டுட்டேன்.

சரி, பெருநாளுக்கு வருவோம்.

வெயில்னா வெயில், தார் ரோடு கொழகொழன்னு ஆகற வெயில். சபை நிறைஞ்சு வழியுது, பத்து மணிக்கு ஏசி படுத்துடுச்சு. எல்லார் கையிலயும் சவப்பெட்டிக்காரர் விளம்பரம் போட்ட அட்டை விசிறி. நான் கொயர் அங்கியில முன்னாடி நிக்கறேன். டீக்கன் டாலிவர் எழுந்து கோட்டு பட்டனைப் போட்டார்.

"சிஸ்டர் வெர்னெல், சாத்தானோட சரக்கை வித்தது உண்டா இல்லையா?"

"சோப்பு வித்தேன். சாத்தான் குளிக்கிறானான்னு எனக்குத் தெரியாது."

பின்வரிசைல யாரோ களுக்குன்னாங்க. அவருக்கு முகம் சிவந்துடுச்சு. "யார் யாருக்கு வித்தேன்னு சொல்லு. சொல்லிட்டா உன்னை மன்னிச்சுப் பாட விடுவோம்."

நான் வரிசை வரிசையாப் பாத்தேன். மூணாவது வரிசைல போன மாசம் வேலை கிடைச்சவன், குனிஞ்சு ஷூவைப் பாக்கறான். ஜன்னலோரம் கோர்ட்டுல ஜெயிச்சவ, விசிறியால மூஞ்சியை மறைச்சுட்டா. நன்றி கெட்ட ஜென்மங்க! ஒவ்வொரு பேரா எடுத்து வீசலாம்னு நாக்கு துடிச்சுது. ஆனா என் கையைப் பாத்தேன். எங்கம்மா கை மாதிரியே இருக்கற கை.

"சொல்ல மாட்டேன்"னேன்.

"அப்ப வாங்கினவங்களே கையைத் தூக்குங்க!"

ஒரு கை எழும்பலை. விசிறிங்கதான் பட்பட்னு ஆடுது.

"பாத்தீங்களா? நம்ம சபை சுத்தம்! இந்த ஒருத்திதான் கறை. சிஸ்டர் ஜெனீவா, எழுதிக்கோங்க—"

"கொஞ்சம் இருங்க டீக்கன்." ஆர்கன் பக்கத்துலேர்ந்து குரல். எங்க ஆர்கன்காரர் லூஷியஸ். பிறவியிலேயே கண்ணு தெரியாது, என் பாட்டுக்குப் பத்தொன்பது வருஷமா வாசிக்கிற மனுஷன். "எனக்குக் கண்ணுதான் இல்லை, மூக்கு இருக்கு. அரை மணி நேரமா எலுமிச்சைப்புல் வாசனை ஆளைத் தூக்குது. வெர்னெல்கிட்டேர்ந்து மட்டும் வரலை சாமி, கட்டடமே மணக்குது."

அப்பத்தான் எனக்கும் மூக்குல ஏறுச்சு. வேர்க்க வேர்க்க வாசனை கிளம்பிடுச்சு! முன்வரிசை, பின்வரிசை, மாடி வரிசை, எல்லாம் என் கொல்லைப்புற வாசனை. ஒருத்தரை ஒருத்தர் மோந்து பாத்துக்கறாங்க. "அடிப்பாவி, நீயுமா?" "நீ மட்டும் யோக்கியமா?" பாஸ்டர் கைக்குட்டையால மூக்கை மூடிக்கிட்டார். அந்தக் கைக்குட்டையிலயும் அதே வாசனைதான், பாவம்.

லூஷியஸ் மூக்கை ஒரு பக்கமாத் திருப்பினார். "இருக்கறதுலயே பலமா வர்றது உங்க பக்கத்துலேர்ந்துதான் டீக்கன்."

"என்ன உளர்றீங்க? நான் அவ வாசப்படி மிதிச்சதில்லை!"

"நான் மிதிச்சேனே"ன்னு எழுந்தா அவர் பெண்டாட்டி அல்மீடா. "மூணு மாசமா உங்க சட்டை, பனியன் எல்லாம் அதுலதான் தோய்க்கறேன். வீட்டு நிம்மதிக்குன்னு கேட்டு வாங்கினேன். மூணு மாசமா நீங்க ஒரு தட்டு உடைச்சீங்களா, சொல்லுங்க?"

சபையே இடிஞ்சு விழற மாதிரி சிரிச்சுது. டீக்கன் தன் காலரை மோந்து பாத்துட்டு அப்படியே நின்னார். ஆனா அவர் சாமானியத்துல விடற ஆளா?

"ஒருத்தியாவது இந்தச் சபையில சுத்தம் உண்டு! இவ கூடப்பிறந்த அக்கா. மூணு வருஷமா இவ முகத்துலயே முழிக்காதவ. சிஸ்டர் ஜெனீவா, நீங்க சொல்லுங்க!"

சிரிப்பு நின்னுடுச்சு. சபை என்ன முடிவு பண்ணாலும் தாங்கிக்குவேன், அவ வாயால ஒரு வார்த்தை வந்தா தாங்க மாட்டேன். அக்கா மினிட் புக்கை மூடி வெச்சுட்டு என்னைத் தாண்டி முன்னாடி நடந்தா. முன்வரிசை விசிறிக் காத்து அவ மேல பட்டு என் பக்கம் வந்துச்சு.

ரோஜா. கீலேயாத் மொட்டு.

உலகத்துலயே ஒரே ஒரு கட்டிதான் அப்படிச் செஞ்சேன். டெல்ஃபினைத் தேடினேன், அவ கூரையைப் பாத்துட்டிருந்தா, கள்ளி.

"நானும் வாங்கினேன்"னா அக்கா சபையைப் பாத்து. "ஆள் விட்டு வாங்கினேன். இவளோட சேர்ந்துக்கணும்னு நாலு மாசமாக் குளிக்கறேன்." அப்புறம் என் பக்கம் திரும்பினா, மூக்கு நுனி சிவந்திருக்கு. "ஆனா உன் சரக்கு மட்டம்டி. ஒண்ணுமே நடக்கலை. நீ இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை."

"எப்படித் தேய்ச்சே?"

"எல்லாரும் தேய்க்கிற மாதிரிதான். தலையிலேர்ந்து கீழே."

"அய்யோ அக்கா! அது விரட்டறதுக்கு! நம்மம்மா வயித்துல பிறந்துட்டு இதுகூடத் தெரியாதா? கீழேர்ந்து மேலே!"

"துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தியா நீ?"

அங்கியோட போய் அவளைக் கட்டிக்கிட்டேன். அவ வேர்வை, என் கண்ணீர், ரோஜா, எல்லாம் ஒண்ணாக் கலந்துபோச்சு. பாஸ்டர் அதுதான் சாக்குன்னு, "தீர்மானம் தள்ளுபடி, பாட்டு!"ன்னு கத்தினார். லூஷியஸ் ஆர்கன்ல கையை வெச்சுட்டார். நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டே முதல் வரியை விட்டுட்டேன். அக்காவே எடுத்துக் குடுத்தா, அரை ஸ்வரம் இறக்கித்தான். அவளுக்கு எப்பவும் ஸ்வரம் நிக்காது. ரெண்டாவது வரியில நான் பிடிச்சுக்கிட்டேன். டீக்கன் டாலிவர்கூடக் கை தட்டினார், தாளம் தப்பித் தப்பி.

அடுத்த சனிக்கிழமை காலையில கேட் கிரீச்சுனுது. அக்கா ஒரு தட்டு நிறைய பீச் பழப் பணியாரத்தோட வந்து அண்டா பக்கத்துல நின்னா. நான் கொழுப்பு உருக்கி முடிச்சு, காஸ்டிக் சோடாத் தண்ணி ஊத்திட்டுத் துடுப்பைக் கையில எடுத்திருந்தேன்.

"ஒரு அண்டாவுக்கு ஒரு கைதான்"னேன் பழக்கதோஷத்துல.

"அப்ப நீ தள்ளு."

தள்ளினேன். வாழ்க்கையில முதல் தடவையா நாற்காலியில உக்காந்து பணியாரம் தின்னுக்கிட்டு வேடிக்கை பாத்தேன். அவ இடப்பக்கமா சுத்தறா. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு வாயைத் திறக்கலை. அது எவ்வளவு பெரிய காரியம்னு என்னைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

மறுநாள் சபை முடிஞ்சு வந்து, சோப்பை ஊத்தி வெச்ச மரப்பெட்டியைத் திறந்தோம். சோப்பு கல்லு மாதிரி இறுகியிருக்கு, கொஞ்சங்கூடப் பிரியலை. அக்கா ஒரு கட்டியை வெட்டி எடுத்து மேஜையில தட்டினா, டொக் டொக்குனு.

"என் கை பட்டு எதுதான் உருப்பட்டிருக்குன்னு கேட்டியேடி?"

எனக்கு மூஞ்சி சுட்டுது. "அக்கா, அன்னிக்கு நான்தான் காஸ்டிக் சோடா குறைச்சுப் போட்டிருக்கணும். உன் கையில ஒண்ணும் இல்லை. மன்னிச்சுடு."

"தெரியும். நீ அரை டப்பா போட்டப்ப நான் ஜன்னல்லேர்ந்து பாத்துட்டுத்தான இருந்தேன்."

"தெரியுமா? மூணு வருஷமாத் தெரியுமா? அப்பவே சொல்றதுக்கென்ன?"

அக்கா இன்னொரு கட்டியை வெட்டிக்கிட்டே சொன்னா, "நீ எங்கே என்னைப் பேச விட்டே?"